எட்டு ஞாயிறுக்கு ஒரு திட்டம்

என் அப்பா கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர். முன்பக்கம் முதலாளி வாடிக்கையாளர்களுக்கு ஃபிரேம் காட்டுவார். பின்பக்கம், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறையில், அப்பா வட்ட லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவார். முப்பத்து நான்கு வருடம் அதே அறை. உட்கார்ந்த ஸ்டூல் மட்டும் இரண்டு முறை மாறியது.

கடையில் அவருக்குப் பெயர் சீரியல் சார். கண்ணாடி வாங்க வந்தவர்கள், அடுத்த வாரம் தொலைக்காட்சியில் எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டுவிட்டுப் போவார்கள். "உங்களுக்கு ப்ளஸ் ஒண்ணரை. அந்தப் பாட்டுப் போட்டியை மட்டும் விட்டுடுங்க. கண்ணுக்கு நான் இருக்கேன், காதுக்கு என்கிட்ட மருந்து இல்ல" என்பார்.

எல்லாத் தொடர்களைப் பற்றியும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. மருத்துவமனைத் தொடர்: "நாலு வருஷமா ஆபரேஷன் பண்றாங்க. ஒருத்தன் கை கழுவி நான் பாத்ததில்ல." குடும்பத் தொடர்: "மருமக நல்லவ, மாமியாரும் நல்லவதான். எழுதறவன்தான் கெட்டவன்." பாட்டுப் போட்டியின் நடுவர் அழுவதற்கு முன்னால் கேமரா எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார் என்பதைக் கண்டுபிடித்ததும் அப்பாதான். அதன் பிறகு எங்களால் அந்த நடுவரை வேறு எப்படியும் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை தோறும் அடுத்த வாரத்துக்கான திட்டம் எழுதுவார். லென்ஸ் வரும் வெள்ளைக் காகித உறையைப் பிரித்து, உள்பக்கத்தில் பென்சிலால். பார்க்க வேண்டியவை தனி, சாப்பிட்டுக்கொண்டே காதில் வாங்கினால் போதும் என்பவை தனி. திட்டுவதற்காகவே பார்ப்பவை என்று மூன்றாவதாக ஒரு பட்டியல். எப்போதும் அதுதான் நீளம்.

நடிகர்கள் போட்டிருக்கும் கண்ணாடி அவர் கண்ணிலிருந்து தப்பாது. "இது வெறும் கண்ணாடி. பவர் இல்ல. கிட்டப்பார்வைக் கண்ணாடின்னா ஓரத்துல கன்னத்தோட கோடு உடைஞ்சு உள்ள தள்ளித் தெரியணும். இவனுக்குப் பாரு, கோடு நேரா போகுது. பெரிய புரொஃபசராம்!" பிறகு அந்த ஆள் என்ன வசனம் பேசினாலும் அப்பாவைப் பொறுத்தவரை பொய்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு துப்பறியும் தொடர் இருந்தது. வருடத்துக்கு ஒரு சீசன், எட்டு எபிசோட். பதினோரு வருடங்களுக்கு முன்னால், நான் வேலைக்காக வேறு ஊருக்குக் கிளம்பிய வருடம் தொடங்கியது. எட்டு எபிசோடும் ஒரே நாளில் வெளிவந்துவிடும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று பார்ப்போம். மாலை நான்கு மணிக்கு நான் போன் செய்வேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். போன் காதில் இருக்கும். விதி ஒன்றே ஒன்று: ஒருவர் இல்லாமல் மற்றவர் தொடக் கூடாது. காய்ச்சல் வந்தாலும் தள்ளிப்போடுவோமே தவிர, தொடமாட்டோம்.

தொழிற்சாலைகளில் அழுத்தமானி, வெப்பமானி சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. காட்டும் அளவை நம்பாதே, ஒப்பிட்டுப் பார் என்பதுதான் அந்த வேலையின் பாதி. அப்பா விஷயத்தில் அதை நான் செய்ததே இல்லை.

இந்த வருட சீசன் ஒரு திங்கட்கிழமை வந்தது. அதுதான் கடைசி சீசன் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு ஒரு புதிய ஆலையில் வேலை, வெள்ளிக்கிழமைதான் மூச்சுவிட நேரம் கிடைத்தது. போன் செய்தேன்.

"அப்பா, தொட்டுட்டீங்களா?"

"தொடுவேனா? என்ன கேள்வி இது, இஞ்சினியரே?"

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"வயித்துப் புண். காரத்தைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை நாலு மணி. மறந்துடாத."

முந்தைய சீசன்களில் இரண்டாவது எபிசோட் முடிவதற்குள் கொலைகாரனைப் பிடித்துவிடுவார். பதினோரு வருடத்தில் மூன்று தடவைதான் தவறினார். இந்த முறை முதல் வாரம் தபால்காரன் என்றார். இரண்டாம் வாரம் தபால்காரனே செத்துப்போனான். மூன்றாம் வாரம், முதல் எபிசோடில் கொலையான பெண்ணின் தங்கை என்றார். அவள் அன்று ஊரிலேயே இல்லை என்று தெரிந்தது. ஐந்தாம் வாரம், "செத்தவ சாகவே இல்ல, எங்கயோ உயிரோட இருக்கா" என்றார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்பா, உங்க மூளையை சர்வீஸுக்கு விடணும்."

"விட்டுடலாம். வாரன்டி இருக்கான்னு உங்கம்மாவைக் கேக்கறேன்."

நான்காம் வாரம் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். கதையில் ஒரு நூலகர் வருவார். தடித்த கறுப்பு ஃபிரேம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபோது நான் கவனித்தேன். கன்னத்தின் கோடு உடையவில்லை.

"அப்பா, நூலகர் போட்டிருக்கறது பவர் இல்லாத கண்ணாடிதானே?"



"இல்லம்மா. மைனஸ் ரெண்டு இருக்கும். நல்லாப் பாரு."

நிறுத்திவிட்டு நல்லாப் பார்த்தேன். கோடு நேராகத்தான் போனது. ஆனால் சொல்வது முப்பத்து நான்கு வருடம் லென்ஸ் வெட்டியவர். என் கண்ணில்தான் கோளாறு என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆறாம் ஞாயிறு முடிந்தது. அடுத்த புதன்கிழமை அம்மா அழைத்தாள். உடனே புறப்படு என்று மட்டும் சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. வியாழக்கிழமை மதியம் போய்விட்டார். வயிற்றுப் புண் எப்படி ஆளைக் கொன்றது என்று மருத்துவமனையில் கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "அதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்றாள். பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து, அப்பா பேரில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தேன். போன் இணைப்பு, நூலகச் சீட்டு, கடைசியாகத் தொடர் பார்க்கும் கணக்கு. அதில் மூன்று பேருக்கும் தனித்தனிப் பக்கம் நான்தான் திறந்து கொடுத்திருந்தேன். அம்மா தன் பக்கத்துக்குள் போனதே கிடையாது. மூடுவதற்கு முன் அம்மாவின் பக்கத்தைத் திறந்தேன். எங்கள் துப்பறியும் தொடர் இருந்தது. எட்டு எபிசோடும் பார்த்து முடித்ததற்கான சிவப்புக் கோடு முழுதாக ஓடியிருந்தது.

அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தொடரை நீ பாத்தியா?"

"ஆமா. சும்மா பாத்தேன்."

"எட்டும்?"

"பொழுது போகல. பாத்தேன்."

"அப்போ கொலை பண்ணினது யாரு?"

"டாக்டர்" என்றாள்.

"எந்த டாக்டர்? நான் பாத்த ஆறுலயும் டாக்டரே கிடையாது."

"இருந்தாரே, மீசை வெச்சு..." என்றவள், மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

கணக்கில் எந்த நாள், எத்தனை மணி என்ற பதிவு இருக்கும். எடுத்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு முதல் எபிசோட். அன்றே மூன்று. புதன் மூன்று. வியாழன் இரண்டு. தொடர் வெளிவந்த அதே வாரம். நான் போன் செய்து, தொட்டீர்களா என்று கேட்டதற்கு முந்தைய நாள் வரை.

வேலை நாளில் காலை பத்து நாற்பதுக்கு அப்பா கடையில் இருக்க வேண்டும். முதலாளிக்கு அழைத்தேன்.

"ஆமாம்மா, அந்த மூணு நாளும் லீவு. சீரியல் சார் வாய் திறந்து லீவு கேட்டதே அப்பதான். ரிப்போர்ட் வந்த மறுநாள் இல்லையா, நானும் சரின்னுட்டேன்."

"என்ன ரிப்போர்ட்?"

"அதாம்மா, திங்கக்கிழமை..." என்றவர் நிறுத்தினார். கடை மணி அடித்தது, வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்றார். மணி அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஆக, முதலாளிக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். எட்டு ஞாயிறு தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம், அதனால் எட்டையும் அம்மாவின் பக்கத்தில் மூன்று நாளில் பார்த்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை என்னிடம் "தொடுவேனா" என்றார். பிறகு ஆறு ஞாயிறு என்னோடு சேர்ந்து எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு.

அன்று பிற்பகல் ஏழாவதையும் எட்டாவதையும் ஒரே மூச்சில் பார்த்தேன். கொலை செய்தது நூலகர். பார்வை மங்கியவர் போல நடித்து எல்லோரையும் ஏமாற்றியிருக்கிறார். எட்டாவதில் துப்பறிபவர் அந்தக் கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணில் வைத்துப் பார்க்கிறார். பவர் இல்லை.

முடிவை நான் தெரிந்துகொண்டுவிடக் கூடாது என்று அப்பா மைனஸ் இரண்டு என்றார். தபால்காரன், தங்கை, சாகாத பெண் எல்லாமே என் சுவாரஸ்யம் கெடக் கூடாது என்று தெரிந்தே தவறாகச் சொன்னவை. இதைப் பாசம் என்று யாராவது எனக்குச் சொல்லக்கூடும். இருக்கலாம். ஒரு கதையின் முடிவை என்னிடமிருந்து அவ்வளவு கவனமாகக் காப்பாற்றியவர், தன் முடிவையும் அதே கவனத்தோடு மறைத்துவிட்டார். கதை தெரிந்திருந்தால் எனக்கு ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. மற்றது தெரிந்திருந்தால் ஆறு ஞாயிறும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மூளையை சர்வீஸுக்கு விடச் சொல்லியிருக்க மாட்டேன்.

தொலைக்காட்சியை அணைத்தேன். அம்மா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவர்தான்டி சொல்லக் கூடாதுன்னார். புது ஆலை, பெரிய வேலை, பாதியில விட்டுட்டு வந்துடுவான்னு."

"வந்திருப்பேன்."

"அதுக்குத்தான்."

"நீ எப்படிம்மா ஒத்துக்கிட்டே?"

"சத்தியம் வாங்கிட்டார். நான் என்ன பண்ணட்டும்? ஞாயித்துக்கிழமை வந்தா மூணு மணிக்கே முகம் கழுவி, சட்டை மாத்தி உட்காந்துடுவார். போன்ல யார் பாக்கப்போறான்னு கேட்டா முறைப்பார். கடைசி ரெண்டு வாரம் வலி தாங்காம தலகாணியைக் கடிச்சுக்கிட்டுதான் உன்கூடப் பேசினார். அதையெல்லாம் பாத்துக்கிட்டு நான் எப்படிச் சொல்ல?"

"எனக்கு அவர் சிரிச்ச மாதிரிதான் கேட்டது."

"சிரிக்கவும் சிரிச்சார்."

அம்மா மீது எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு வாரம் நான் கேட்டுக்கொண்டிருந்தது அவர்கள் இருவரும் சேர்ந்து நடத்திய ஒரு தொடர். அதில் நான் மட்டும் பார்வையாளர்.

"கோவமா?" என்றாள்.

"ஆமா."

"அவர்மேலயா, என்மேலயா?"

"அவர் இல்லையே இப்போ. உன்மேலதான் காட்ட முடியும்."

அவள் தலையசைத்தாள். உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சரி. நான் இப்போ என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"திங்கக்கிழமை காலையில இருந்து ஆரம்பி. எதையும் தாண்டாத. எனக்குக் கஷ்டமா இருக்கும்னு எதையும் விடாத."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஆரம்பித்தாள். ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், எட்டரைக்கே போய்விட்டார்கள். அப்பா வரவேற்பறையில் இருந்த தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாரிடமோ சண்டை போட்டார். பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சின்ன அறை.

"உள்ள யாரெல்லாம் இருந்தாங்க?"

"டாக்டர் மட்டும். எதிர்ல எங்களுக்கு மூணு நாற்காலி போட்டிருந்தது."

"மூணாவதுல யாரு?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"என் பையை வெச்சேன்" என்றாள்.