கிருபைக்கு ஒரு சைகை

சாந்தகுமாரி போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் காய் பொறுக்குகிறார். சல்லடையில் சலித்து வரும் காயில் வெடித்தது, வெளுத்தது எல்லாவற்றையும் தனியே தள்ள வேண்டும். இருபது வருடமாக இதே வேலை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கணவர் எபினேசர், தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு தினமும் காலையில் போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஒரே மகள் அபிஷாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. மதுரையில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

அபிஷாவுக்குப் பதினைந்து வயதானபோது சபையில் திடப்படுத்தல் என்னும் சடங்குக்குப் பிள்ளைகளின் பெயர் கேட்டார்கள். ஞானோபதேசப் பாடம் படித்து, பேராயர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்தில் பங்குபெற முடியும். போதகர் யோகராஜ் இளகிய மனசுக்காரர். அபிஷாவுக்குக் கேள்வி எதுவும் வேண்டாம், மற்றவர்களோடு வந்து முழங்காலிட்டால் போதும், பேராயரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். எபினேசருக்குப் பெரிய நிம்மதி. சாந்தகுமாரி ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒண்ணும் புரியாம முழங்கால் போடுறதுக்கு எம்புள்ள எதுக்குங்கய்யா? அவளும் படிக்கட்டும். அடுத்த வருசம் வர்றோம்.”

எபினேசர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைக்கு வந்த ஆசீர்வாதத்தைத் தாயே தடுக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் குறைப்பட்டார்கள்.

பாடத்தை ஆரம்பித்தபோதுதான் சாந்தகுமாரிக்குத் தன் குறை தெரிந்தது. சாப்பாடு, பஸ், வலி, தூக்கம் என்று வீட்டில் வழங்கிய சில சைகைகள்தான் அவருக்குத் தெரியும். பதினைந்து வருடம் மகளோடு அவர் பேசியதெல்லாம் அவ்வளவுதான். பள்ளியில் அவள் கற்ற சைகை மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் மகள் கற்றுக்கொடுக்க, தாய் கற்றார். கையின் படத்தை நோட்டில் வரைந்து பக்கத்தில் சொல்லை எழுதிக்கொண்டார். விரல் மடங்காமல் தடுமாறும்போது அபிஷா சிரிப்பாள்.

படைப்பு, பாவம், மன்னிப்பு என்று மெல்ல முன்னேறி கிருபையில் வந்து நின்றார்கள். அது என்ன என்று அபிஷா கேட்டாள். யார் சுகம் விசாரித்தாலும் தேவ கிருபையால் நன்றாக இருக்கிறோம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறவர் சாந்தகுமாரி. இப்போது கை எழவில்லை. பரிசு என்று காட்டிப் பார்த்தார். பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுப்பார்களே, அதுவா என்று மகள் திருப்பிக் கேட்டாள்.

அந்த வாரமே சாந்தகுமாரி போதகரிடம் போனார். தகுதி இல்லாதவர்களுக்கும் கடவுள் காட்டும் தயவுதான் கிருபை என்று அவர் மனப்பாடமாகச் சொன்னார்.

“தகுதி இல்லேன்னு அவகிட்ட எப்பிடிங்கய்யா சொல்ல? ஊரே அவளப் பாத்து அதத்தான சொல்லுது.”

“நான் இப்பிடி யோசிச்சதே இல்லம்மா. ஒரு வாரம் குடுங்க,” என்றார் போதகர்.

இறையியல் கல்லூரியை விட்டு வந்தபின் அவர் தொடாத புத்தகங்கள் அலமாரியிலிருந்து இறங்கின. அடுத்த வியாழக்கிழமை போதகர் சாந்தகுமாரியை உட்கார வைத்தார். வேதாகமத்தில், தெருவில் நின்றவர்களையும் கால் ஊனமானவர்களையும் விருந்துக்கு அழைத்து வரச் சொன்ன மனிதனின் உவமையை இருவருமாக வரி வரியாகப் படித்தார்கள். வந்தவர்களில் யார் தகுதியானவர் என்று அந்த மனிதன் பார்க்கவே இல்லையா என்று சாந்தகுமாரி கேட்டார். பார்க்கவில்லை என்றார் போதகர்.

ஞாயிற்றுக்கிழமை சாந்தகுமாரி தனக்குத் தெரிந்த சைகைகளையெல்லாம் திரட்டி அந்தக் கதையை மகளுக்குச் சொல்லி முடித்தார். அபிஷா கொஞ்சம் யோசித்தாள். விடுமுறை நாட்களில் அம்மாவோடு மண்டியில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். இரண்டு கையாலும் சல்லடை சலிப்பதுபோல் அசைத்தாள். அது வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு எல்லாவற்றையும் மொத்தமாக அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இதுவா என்று புருவத்தை உயர்த்திக் கேட்டாள்.

மறுநாள் மண்டியில் வெளுத்த காயைத் தள்ளும்போது சாந்தகுமாரியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு தள்ளினார். சோலி அது.

அடுத்த வருடம் பேராயர் வந்தார். அபிஷா கைகளால் பதில் சொல்ல, பக்கத்தில் நின்ற தாய் அதைக் குரலில் சொன்னார். கிருபை வந்ததும் இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்லிப் பேராயர் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகும் அபிஷா நகரவில்லை. வீட்டில் ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். விசுவாசம் கேள்வியினால், அதாவது காதால் கேட்பதால், வரும் என்று வேதத்தில் இருக்கிறதே, காது கேட்காத எனக்கு அது எப்படி வந்தது?

சாந்தகுமாரி அதையும் குரலில் சொன்னார். பேராயர் அவசரப்படவில்லை. “இதுக்குப் படிக்காமப் பதில் சொல்லக் கூடாதும்மா,” என்று சொல்லி, கேள்வியைத் தன் டைரியில் எழுதிக்கொண்டார். அபிஷா அன்று மற்றப் பிள்ளைகளோடு முழங்காலிட்டாள்.

அந்த உவமையில் தொடங்கிய வியாழக்கிழமைப் படிப்பு இன்றும் நடக்கிறது. மண்டியிலிருந்து இன்னும் நான்கு பெண்கள் வருகிறார்கள். மகளின் கேள்விக்குக் காரணமான வசனம் வரும் வேதாகமக் கடிதத்தைத்தான் இப்போது படிக்கிறார்கள். கடினமான பகுதி, வாரத்துக்கு அரைப் பக்கம்தான் நகர்கிறது. புரியாத இடத்தில் சாந்தகுமாரி கையைத் தூக்கிவிடுவார் என்பதால், போதகர் யோகராஜ் புதன்கிழமையன்று வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்வதில்லை.