அரைச் சாண் கீழே

ஒரு மானின் முன்னங்கால் உடைந்தது. தவறு என்னுடையது.

துப்பாக்கிக் கடையில் தோட்டாவைவிட அதிகம் போவது அபிப்பிராயம். தோட்டாவுக்கு லைசென்ஸ் கேட்போம். அபிப்பிராயத்துக்கு யாரும் கேட்பதில்லை. நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் இருந்தவன். சிட்னியில், நார்த்மீடுக்குப் பக்கத்தில் ஒரு வேட்டைத் துப்பாக்கிக் கடையில் பதினோரு வருஷமாகக் கவுண்டர் ஆள். பெயின்ட் கடையோ மருந்துக் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நின்று 'எனக்குத் தெரியும்' என்று சொல்லிப் பழகிய எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் ஒரே வியாதி.

பழசா, புதுசா

வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது இதைத்தான். ஆறரை மில்லிமீட்டர் குண்டுக்கு இரண்டு தோட்டா உண்டு. ஒன்று ஸ்வீடன் ராணுவத்துக்காக நூறு வருஷத்துக்கு முன்பே வந்தது. இன்னொன்று கிரீட்மோர், நேற்றுப் பிறந்தது. முனையில் இருக்கும் குண்டு இரண்டிலும் ஒரே பருமன். பழசின் பித்தளைக் கூடு நீளம். வெடிமருந்து அதிகம் பிடிக்கும். ஆகவே பழசுதான் வேகம் என்பது என் கட்சி. எதிர்த்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஹோம்புஷிலிருந்து ஒரு ஐ.டி. பையன் வந்தான். புதிதாக லைசென்ஸ் வாங்கியவன். புதுசுதான் இறங்காமல் நேராகப் போகும் என்று வீடியோவில் பார்த்தானாம். "வீடியோ போடுறவன் காட்டுல மானைப் பார்த்திருக்கானா?" என்றேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான்: "நீங்க பார்த்திருக்கீங்களா அங்கிள்?"

அட்டை

நான் பார்த்ததில்லை. சுடுதளத்தில் காகிதத்தைச் சுட்டதோடு சரி. ஆனால் பழைய தோட்டா வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்ன அட்டை தயாரித்து வைத்திருந்தேன். தோட்டா எதுவானாலும் தூரம் போகப் போக குண்டு கீழே இறங்கும். நூறு மீட்டரில் குறிக்குச் சரியாக வைத்துக்கொண்டால் இருநூறில் எவ்வளவு இறங்கும், முன்னூறில் எவ்வளவு, அதற்கு எவ்வளவு மேலே குறி பிடிப்பது. எல்லாம் என் கையெழுத்து. பிளாஸ்டிக் உறை போட்டு, ரைஃபிள் கட்டையில் ஒட்டிக்கொள்ளும்படி கொடுப்பேன். கடை முதலாளி கென்னுக்கு அதில் பெருமை.

சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர். கார் டிங்கரிங் வேலை. ஓபரான் பக்கம் பண்ணை வைத்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர், மான்கள் பயிரை மேய்கின்றன, வந்து சுட்டு இறைச்சியைக் கொண்டு போ என்று அனுமதி கொடுத்திருந்தார். சிவநேசன் கேட்டு வந்தது புதுசு. நான் பேசிப் பேசி, பழைய தோட்டாவுக்கான ரைஃபிளைத் தலையில் கட்டினேன்.

கூட வந்த மனைவி தேவகிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அவர் தோட்டாப் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, அட்டையில இருக்கிற கணக்கு எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"புத்தகத்துல இருந்து."

"பெட்டியில வேற வேகமெல்லோ போட்டிருக்கு?"

"சுடப் போறது அவர்தானேம்மா? அவர் கேட்கட்டும்."

சிவநேசன் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். தேவகி பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். கதவுவரை போய்த் திரும்பிச் சொன்னார்: "சரி அண்ணை. நான் கேக்கேல்ல எண்டு மட்டும் பிறகு சொல்லாதேங்கோ."

திங்கட்கிழமை

மூன்று வாரம் கழித்து சிவநேசன் தனியாக வந்தார். மீதித் தோட்டாக்களைக் கவுண்டரில் வைத்தார். முன்னூறு மீட்டரில் மான் பக்கவாட்டில் நின்றிருக்கிறது. அட்டையில் உள்ளபடியே மேலே பிடித்துச் சுட்டிருக்கிறார். நெஞ்சில் பட வேண்டிய குண்டு காலில் பட்டிருக்கிறது. மான் முட்புதருக்குள் போய்விட்டது. புருஷனும் பெண்டாட்டியும் காலையிலிருந்து பிற்பகல்வரை ரத்தச் சொட்டைப் பின்தொடர்ந்து போயிருக்கிறார்கள். ஓடைவரை தெரிந்ததாம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கை ஆடியிருக்கும்" என்றேன். யோசிக்கவே இல்லை. பதினோரு வருஷமாகக் குறி தப்பியவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தது, தானாக வந்துவிட்டது. அவர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஓம் அண்ணை, ஆடியிருக்கலாம். ஆனா அது போக முந்தி என்னைத் திரும்பிப் பாத்தது."

சனிக்கிழமை

தேவகி ஃபோனில் கூப்பிட்டார். சுடுதளத்துக்கு வாருங்கள் என்றார், அவ்வளவுதான். போனேன். குண்டின் வேகத்தை அளக்கும் கருவியைச் சுடுதளக் கிளப்பில் இரவல் வாங்கி வைத்திருந்தார். சிவநேசனின் ரைஃபிளில், என் கடைப் பெட்டியிலிருந்தே பத்துத் தோட்டா. கிளப்காரர் ஒருவரின் கிரீட்மோரில் பத்து. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். பழசு என் அட்டையில் இருந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. புதுசு பழசைத் தாண்டிவிட்டது.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். பழைய தோட்டாவுக்கான நூறு வருஷத்து ரைஃபிள்கள் இன்னும் பலர் வீட்டில் இருக்கின்றன. முழு மருந்து போட்டால் அவற்றின் இரும்பு தாங்காது. அதனால் கம்பெனிக்காரர்கள் பெட்டியில் மருந்தைக் குறைத்துத்தான் அடைப்பார்கள். புதுசுக்குக் கிழட்டு ரைஃபிளே கிடையாது, பயமில்லாமல் அடைக்கலாம். நான் அட்டைக்குக் கணக்கு எடுத்த புத்தகமோ, உறுதியான புது ரைஃபிளுக்குத் தாங்களே தோட்டா அடைத்துக்கொள்கிறவர்களுக்கானது. என் வாடிக்கையாளர்களில் அப்படி ஒருவர்கூட இல்லை. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. என் கட்சி ஜெயித்த பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

கடைசியில் முன்னூறு மீட்டரில் ஒரு காகிதம் மாட்டி, என்னைச் சுடச் சொன்னார். மணல் மூட்டையில் ரைஃபிளைத் தாங்கி, என் அட்டைப்படியே பிடித்து மூன்று முறை சுட்டேன். மூன்று ஓட்டையும் ஒரே இடத்தில். குறிக்கு அரைச் சாண் கீழே. தேவகி தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்கட கை ஆடேல்ல அண்ணை."

பேரேடு

இனி அட்டை கொடுக்காமல் சத்தமில்லாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கென்னும் அதைத்தான் சொன்னார், யாருக்குத் தெரியப் போகிறது என்று. தேவகியிடம் அது நடக்கவில்லை. தோட்டா வாங்கியவர் பெயரைக் கடைப் பேரேட்டில் எழுதி வைப்பது சட்டம்; பக்கத்தில் ஃபோன் நம்பரும் இருக்கும். அவர் புதன்கிழமை லீவு போட்டு வந்து கவுண்டருக்கு எதிரே நின்றார். "நீங்கள் ஃபோன் எடுங்கோ அண்ணை, நான் நிக்கிறன்" என்றார். பழைய தோட்டா வாங்கியவர்கள் முப்பத்தேழு பேர். நான் கொடுத்த அட்டை தப்பு, கிழித்துப் போடுங்கள் என்று ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

சிலர் சிரித்தார்கள். ஒருவர் கொடுத்த அன்றே தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அவருக்கு நன்றி சொன்னேன். மல்கிரேவுக்குக் குடிபோன நம்ம ஊர்க்காரர் ஒருவர் வேறு கதை சொன்னார். போன வருஷம் அவரும் ஒரு மானைக் காயத்தோடு விட்டிருக்கிறார். கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு வேட்டையையே விட்டுவிட்டாராம். நான்தான் அன்று அவருக்கும் கை ஆடியிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை. அவருக்கு இருந்தது. "டாக்டர்கிட்ட போய்க் கையை நீட்டிக் காட்டினேங்க" என்றார்.

இப்போது கடையில் வேறு அட்டை இருக்கிறது, எந்தப் பெட்டித் தோட்டாவுக்கு என்று தலைப்பிலேயே போட்டு, சுட்டு அளந்து எழுதியது. மான்களுக்கு ஃபோன் செய்ய முடியாது என்பதால் அந்த முப்பத்தேழு பேரோடு என்னைப் பேசவைத்து, நான் பதினோரு வருஷமாக விற்றுக்கொண்டிருந்த பெட்டியை எனக்குப் படித்துக் காட்டியவர், அன்று நான் பேசாமல் இருக்கச் சொன்ன தேவகி.