பிரகாசம் அண்ணனின் தாள்களில் இருந்த பிழை

செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் பழைய இசைக்குழு ஆட்கள் வைத்திருக்கும் குழுமத்தில், "கிட்டார் பிரகாசம் அண்ணன் இன்று காலை காலமானார்" என்று ஒரே ஒரு வரி. நான் நம்பவில்லை. துக்கத்தினால் நம்ப முடியாமல் போகவில்லை, அனுபவத்தினால் நம்பவில்லை. பிடிக்காத கலியாண வீடு ஒன்று வந்துவிட்டால் அண்ணன் உடனே ஒரு மாமாவைச் சாகடிப்பார். அதே மாமா எனக்குத் தெரிந்து மூன்று தடவை செத்திருக்கிறார். இந்த முறை யாருக்குப் பயந்து தன்னையே சாகடித்திருக்கிறார் என்று பார்க்க அவருடைய இலக்கத்துக்கே அழைத்தேன். அவருடைய மனைவி எடுத்தார்.

"ஆமா ஸ்டெல்லா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. த்ரீவீல் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

அதற்குப் பிறகும் நான், "நெசமாவா அண்ணி?" என்று கேட்டேன். அவர் அழுதார். நான் எப்படிப்பட்ட சந்தேகப் பிராணி என்பது உங்களுக்குத் தெரியும். செத்த வீட்டில்கூட அது என்னை விட்டுப் போகவில்லை.

அடக்கத்தன்று, கண்டிக்கு மேலே ஹந்தானையில் அவருடைய வீட்டுக்கு ஏறும் பாதையின் வளைவில் ஃபாரூக் நானா குடையோடு நின்றுகொண்டிருந்தார். எங்கள் குழுவில் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து பதினைந்து வருடம் டிரம்ஸ் வாசித்தவர். வீட்டுக்குள் வரவில்லை. பிரேதம் இறங்கி வரும்வரை அங்கேயே நின்றார். நான் கடந்து போகும்போது தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஸ்டெல்லா, ஒம்பது வருஷம் என்னோட பேச இல்ல. மௌத்தாகும் மட்டும் பேச இல்ல. என்னத்துக்கு எண்டு உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியாது நானா" என்றேன்.

எனக்குத் தெரியும். இந்த நினைவுமலருக்கு அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டபோது நான் உடனே ஒத்துக்கொண்டது அதனால்தான். நாலு வார்த்தையோடு இது முடியாது.

நான் கலஹா தேயிலைத் தோட்டத்துப் பெண். மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் பிடிக்கப் பழகி, இருபத்திரண்டு வயதில் இதுதான் எனக்குத் தொழில் என்று முடிவெடுத்தேன். பேராதனைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு இன்னொரு பஸ். தையல் இயந்திரம் திருத்தும் கடைக்கு மேலே ஓர் அறையில் ஒத்திகை. அதுவரை குழுவில் கிட்டார் என்றால் பிரகாசம் அண்ணன் ஒருவர்தான். பாட்டுக்குத் தாளம் தாங்கும் ரிதம் வாசிப்பும் அவர், இடையில் மெட்டை எடுத்து வாசிக்கும் லீட் வாசிப்பும் அவர். நான் போன முதல் நாளே லீடைத் தூக்கி என்னிடம் கொடுத்தார்.

"நீங்க வாசிங்க தங்கச்சி. எனக்கு வெரலு தடிச்சிருச்சு."

அவருடைய விரலைப் பார்த்தேன். தடித்திருக்கவில்லை. மேடையில் சனங்கள் பார்க்கிற இடத்தை எந்த வாத்தியக்காரன் சும்மா கொடுப்பான்? கிட்டாரோடு பஸ் ஏறும் பெண்ணுக்கு உதவி செய்கிற ஆண்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு கணக்கு இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அந்தக் கணக்கு எப்போது வெளியே வரும் என்று ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிளேன்டீகூட அவர் என்னிடம் கேட்கவில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

பிறகுதான் அந்தத் தாள்கள். புதுப் பாட்டு ஒன்று எடுத்தால், எந்த வரியில் கிட்டாரில் எந்தப் பிடி என்று அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதி ஆளுக்கொன்று தருவது மூத்தவர் என்ற முறையில் அண்ணனின் வேலை. கையெழுத்து அச்சுப் போல இருக்கும். குண்டசாலையில் ஒரு கலியாணம். மற்றவர்கள் எல்லோரும் நிறுத்த, நான் மட்டும் தனியே வாசிக்க வேண்டிய இடம். தாளில் டி மேஜர் என்று இருந்தது. பிடித்தேன். பாடகர் திரும்பி என்னை முறைத்தார். அங்கே இருக்க வேண்டியது டி மைனர். சந்தோஷமாகப் போகும் பாட்டில் ஓரிடத்தில் மட்டும் முகம் சட்டென்று வாடுமே, அந்த இடம். நான் அதைப் பல்லிளித்துக் கெடுத்துவிட்டேன். இறங்கி வந்ததும் அண்ணன் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"பெழ வுட்டா சிரிச்சிக்கிட்டே வுடுங்க தங்கச்சி. ஆடுறவனுக்கு ஒண்ணும் தெரியாது."

சிரிக்கிறார் என்பது மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது. அடுத்த பாட்டிலும் ஒரு பிழை. அதற்கடுத்ததிலும் ஒன்று. தாளுக்கு ஒன்றாவது இருக்கும். ஃபாரூக் நானா பின்னாலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி, "பிரகாசம், இண்டைக்கி எத்தின பிழ எழுதி வெச்சீக்கீங்க?" என்று பகிடி விடுவார். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடத்தைக் கொடுப்பது போலக் கொடுத்து, மேடையில் வைத்துக் கவிழ்த்து, "பொம்பளைக்கு இது சரிவராது" என்று எல்லோரையும் சொல்ல வைப்பதுதான் அவருடைய கணக்கு என்று முடிவு கட்டினேன்.

அதற்குப் பிறகு அவருடைய தாளை நான் நம்பியதே இல்லை. பாட்டைப் போனில் போட்டு, நாலு நாலு வினாடியாகக் கேட்பேன். அடியில் ஓடும் சுரத்தை முதலில் வாயால் பாடிப் பிடிப்பேன். அதன்மேல் மேஜரை வைத்துப் பார்ப்பேன், மைனரை வைத்துப் பார்ப்பேன். கலஹா பஸ்ஸில் மடியில் கிடக்கும் கிட்டார்ப் பையின்மேல் விரல்கள் பிடி மாற்றிக்கொண்டே வரும். இரண்டு வருடத்தில், ஒரு முறை கேட்ட பாட்டின் பின்னாலேயே போகும் அளவுக்குக் காது வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், என் தொழிலை எனக்குக் கற்றுத் தந்தது அவர்மேல் இருந்த சந்தேகம்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். தாளில் பிழையாக எழுதிய அதே இடத்தை மேடையில் முதல் சரணத்தில் அவரும் பிழையாகத்தான் வாசிப்பார். இரண்டாம் சரணத்தில் சரியாக வாசிப்பார். சரியானது தெரியாமலா இரண்டாம் தரம் சரியாக வருகிறது? ஆகவே வேண்டுமென்றேதான் எழுதுகிறார். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நாலாம் வருடம் மலைமேல் உள்ள ஒரு பெரிய ஹோட்டலில் கிட்டாருக்கு ஆள் தேடினார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு வாசிப்பு, மாதச் சம்பளம், நிரந்தரம். எங்கள் உலகத்தில் அப்படி ஒரு கதிரை பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் காலியாகும். அண்ணனும் போனார், நானும் போனேன். அங்கே குழுத் தலைவர் நிமல் என்ற கீபோர்ட்காரர். நான் முன்பின் கேட்டிராத பாட்டொன்றை வாசித்தார், நான் பின்னாலேயே போனேன். முடிந்ததும் சிங்களத்தில் கேட்டார். உனக்குக் காது நல்லது, பிரகாசத்துக்கு அனுபவம் கூட, ஐந்நூறு பாட்டுத் தெரியும், எனக்கு இன்னும் முடிவெடுக்க முடியவில்லை, ஆள் எப்படி?

வாசிப்பில் கை சுத்தம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனால் கூட வாசிப்பவர்களுக்கு வேண்டுமென்றே பிழையாக எழுதிக் கொடுப்பார்" என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னபோது அது பொய் என்று நான் நினைக்கவில்லை. இதை எனக்குச் சாதகமாக எழுதவில்லை, நடந்தது அதுதான். மறு வாரம் கதிரை எனக்குக் கிடைத்தது. நான் அதைச் சொல்லாவிட்டாலும் எனக்கே கிடைத்திருக்குமோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். அப்படி யோசிப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆகையால் அந்த யோசனையையும் நான் நம்புவதில்லை.

சில நாட்கள் கழித்து கண்டி பஸ் நிலையத்தில் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். முகம் கறுத்திருந்தது.

"ஹோட்டல்ல என்னயப் பத்தி யாரோ சொல்லியிருக்காங்க தங்கச்சி. நான் வேணும்னே தப்பா எழுதித் தாறேனாம். நம்ம ஆளுதான். பேரு சொல்ல மாட்டேங்கிறான் அந்த நிமல்."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே போனார்.

"எனக்குக் கேக்குறதத்தானே நான் எழுத முடியும்? மேஜர் பாட்டுக்குள்ள திடுதிப்புன்னு ஒரு மைனர் வந்தா எனக்கு அது புடிபடாது. சின்ன வயசுலயிருந்தே அப்பிடித்தான். வெக்கத்துல யாருக்கும் சொல்லல. மொத நாளு நீங்க வாசிச்சதக் கேட்டதுமே, நீங்க திருத்திக்குவீங்கன்னு தெரிஞ்சிருச்சு. மொத சரணத்துல ஒங்க கையப் பாத்து வச்சிக்கிட்டு ரெண்டாவதுல நானும் மாத்திக்குவேன். அதனாலதான் ஒங்கள முன்னுக்கு நிக்கச் சொன்னேன். பின்னுக்கு நின்னா ஒங்க கை எனக்குத் தெரியாதே."

பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஃபாரூக்தான். அவன்தானே எந்த நாளும் பெழ பெழன்னு பகிடி பண்ணுவான். நீங்க என்ன நெனக்கிறீங்க?"

"இருக்கலாம் அண்ணே" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. சத்தியம் செய்யவில்லை, கதை கட்டவில்லை. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பேச்சு பரவியிருந்த அந்த நாட்களில், கண்டியில் ஒரு முஸ்லிம் மனிதர்மேல் சந்தேகத்தைச் சாய்த்துவிடுவது மிகவும் இலகுவாக இருந்தது. நான் அந்த இலகுவான வழியால் போனேன் என்று எழுத இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் அவருடைய பழைய தாள்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். அப்போதும் அவர் சொன்னதைப் பரிசோதிக்கத்தான் எடுத்தேன், பாருங்கள். இருபத்தேழு தாள்கள். எல்லாப் பிழையும் ஒரே மாதிரி. மைனர் வர வேண்டிய இடத்தில் மேஜர். பிடியில் உள்ள மூன்று சுரத்தில் இரண்டு சரி, நடுவில் உள்ளது மட்டும் அரைச் சுரம் தள்ளி நிற்கிறது. ஓர் ஆளைக் கவிழ்க்க நினைப்பவன் இத்தனை கிட்டப் போய்ப் பிழை விடமாட்டான். தன் காது போகிற தூரம் வரைக்கும் ஒழுங்காகப் போய், அதற்குமேல் போக முடியாமல் நின்ற ஒரு மனிதரின் பிழை அது. நாலு வருடம் அந்தத் தாள்களைக் கையில் வைத்திருந்தும் நான் ஒரு நாள்கூட அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் சொன்னால் கதிரை போய்விடும் என்று பயந்தேன். அடுத்த மாதம் சொன்னால், ஏன் ஒரு மாதம் பொறுத்தாய் என்று கேட்பார். ஒரு வருடம் போன பிறகு அதைச் சொல்வதற்கு எனக்கு வாய் இல்லை. அதற்குள் ஃபாரூக் நானா குழுவை விட்டு விலகி, பல்லேகலப் பக்கம் வேறு ஆட்களோடு வாசிக்கத் தொடங்கியிருந்தார்.

அண்ணன் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். "தங்கச்சி, இந்தப் பாட்டுல அனுபல்லவி முடியிற எடத்துல என்ன வருது?" நான் சொல்வேன். அவர் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பிடித்துப் பார்ப்பார். "ஆ, இப்ப வாடுது" என்பார், பெரிய சந்தோஷத்தோடு. ஒரு நாள், "காதுக்குக் கேக்காதத வாயால கேட்டுத் தெரிஞ்சிக்கிறதுல என்ன வெக்கம் இருக்கு?" என்று சொன்னார். இது பாட்டைப் பற்றிய பேச்சுத்தானா? நிமலிடம் சொன்னது ஃபாரூக் நானா அல்ல, நான்தான் என்று தெரிந்துகொண்டு பேசுகிறாரா? ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய குரலுக்குள் அதைத் தேடினேன்.

போன வருடம் ஒரு ஞாயிறு, அவர் முப்பது வருடமாகக் கலியாண வீடுகளில் வாசித்த ஒரு பாட்டைப் பற்றிக் கேட்டார். மூன்றே மூன்று பிடி உள்ள பாட்டு. குழந்தைக்கும் வரும்.

"இது ஒங்களுக்குத் தெரியுமே அண்ணே?"

"தெரியும். நீங்க சொல்லுங்க."

சொன்னேன். அவர் பிடித்துப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை. பிறகு, "சரி தங்கச்சி, வச்சிர்றேன்" என்றார். நான் வேறு எதையோ சொல்லட்டும் என்று அவர் காத்திருந்ததாக அன்று எனக்குப் பட்டது. ஒருவேளை வயதினால் வந்த மறதியாகவும் இருக்கலாம். அவர் தெரிந்துகொண்டு போனாரா, தெரியாமலே போனாரா என்பதை இனி நான் யாரிடமும் கேட்க முடியாது. சந்தேகப்பட்டே வாழ்ந்தவளுக்கு அண்ணன் சரியான ஒரு சந்தேகத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

இறந்தவரிடமிருந்து தன்னிடம் என்ன தங்கியிருக்கிறது என்று எழுதி முடிப்பதுதான் முறை. என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று அந்த ஹோட்டல் கதிரை. அது அண்ணனுடையதாக இருந்திருக்கலாம். வருகிற வெள்ளிக்கிழமையும் நான் அதில்தான் உட்காருவேன், எனக்கு வேறு தொழில் தெரியாது. மற்றது அந்த ஞாயிற்றுக்கிழமைகள். ஃபாரூக் நானா, நிமலிடம் சொன்னது நான். அண்ணனுக்குக் கோபம் இருந்தது உங்களோடு அல்ல, அதைச் சொன்ன ஆளோடு. உங்களோடு பேசாமல் விட்ட ஒன்பது வருடமும் அவர் அந்த ஆளோடுதான் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்செல்லாம் உங்களுக்கு வந்திருக்க வேண்டியது. இந்த ஞாயிறு காலையில் நான் உங்களை அழைப்பேன். பேசுவதும் பேசாமல் விடுவதும் உங்கள் விருப்பம்.