அப்பா இழைத்த கதவும் ஒரு வெளிச்சக் கோடும்

அந்த டைரக்டரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் அவருடைய படம் ஒன்றைப் பார்த்தேன். கேமரா ஓடவில்லை, ஆடவில்லை. ஒரு பழைய வீட்டின் வாசல் திரையின் நட்டநடுவில் இருந்தது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். வெகுநேரம் கழித்து மறுபடியும் அதே வாசல், அதே இடத்திலிருந்து. இப்போது ஏதோ ஒன்று மாறியிருந்தது. அது என்னவென்று என் கண் திரை முழுக்கத் தேடியது. எனக்குத் துணையாக வந்திருந்த முதலாளியம்மா பக்கத்தில் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கேமரன் மலையில், பிரிஞ்சாங்கில் அவர்களுடைய போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. முதலாளி சீனர், எல்லோரும் தவுக்கே என்போம். அடையாள அட்டைக்கான ஐசி படம், கல்யாணப் படம் என்று நாள் முழுக்க ‘நிமிர்ந்து உட்காருங்க, காதைக் காட்டுங்க’ என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தவுக்கே ஒரு பழைய கேமராவையும் மிச்சமிருக்கும் கறுப்பு வெள்ளைச் சுருளையும் இரவல் கொடுப்பார். அதைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்விடுவேன்.

அங்கே பாழடைந்த கட்டடங்களுக்குப் பஞ்சமில்லை. பூட்டிப் போட்ட பழைய தேயிலை ஆலை, வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களா, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போன, இப்போது கூரை போன பிள்ளைக் கொட்டகை. எல்லாவற்றையும் அந்த டைரக்டர் எடுப்பது போலவே எடுத்தேன். வாசல் நடுவில் இருக்க வேண்டும். பிளாஷ் கூடாது. கேமராவை வைத்த இடத்தில்தான் அடுத்த முறையும் வைக்க வேண்டும், அதே நேரத்தில். இந்தச் சட்டங்களை நானே போட்டுக்கொண்டு நானே மீறாமல் இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். “பேய்க்கு ஐசி எடுக்கிறியா லா, தங்கச்சி?” என்று ஒரு அக்கா கேட்டாள்.

எங்கள் லயமும் அந்தக் கட்டடங்களில் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்தில் பலகையும் தகரமுமாகக் கட்டிய வரிசை வீடுகள், மேட்டிலிருந்து சரிவை நோக்கி இறங்கும். எங்கள் வீடு கடைசி, எல்லாவற்றுக்கும் கீழே. அதை ஒட்டி, பாறை மேல் கட்டிய சிமெண்டுத் தண்ணீர்த்தொட்டி. சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அதில் அம்மா வாளியைச் செருகி வைப்பாள். காலையில் அந்த இடுக்கு வழியாக வெயில் நுழைந்து முற்றத்தில் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டுக்காகவே அந்த வாசலை எடுத்தேன். எதிரே துணி துவைக்கும் பாறையில் ஆணியால் கீறி வைத்து, கேமராவை எப்போதும் அந்தக் கீறல் மேலேயே வைத்தேன்.

அழகு என்று நான் சொன்ன அந்த வீட்டில்தான் அப்பாவும் அம்மாவும் குடியிருந்தார்கள். அடுப்படியில் தரை வெடித்திருந்தது. மழை பெய்தால் பின்சுவருக்குப் பின்னால் மண் முனகுகிறது என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்கு அது காதிலேயே ஏறாது. ரோட்டோரம் தொழிலாளிகளுக்குப் புதுக் கோட்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு மோசமாக இருப்பவர்களுக்கு முதலில் கொடுப்பதாக ஆபீசில் பேச்சு. அம்மா விடாமல் நச்சரித்து, கிராணி, அதாவது ஆபீஸ் கிளார்க், வந்து பார்ப்பதாக ஏற்பாடு செய்தாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் மழைக்காலத்துக்கு முன்னால் அந்த வீட்டை விட்டு வெளியேறுவதுதான்.

இங்கே அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் புது ஆலையில் தேயிலை காய வைக்கும் அடுப்பில் வேலை செய்தவர். வீட்டில் இழைப்புளி ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் எங்கள் கதவு சிக்கும். உடனே கீலிலிருந்து கழற்றி, சிக்கும் இடத்தை இழைத்து, திரும்ப மாட்டிவிடுவார். “பனிக்கு மரம் ஊதுது” என்பார். லயத்தில் எல்லா ஆண்களுக்கும் இதே பழக்கம். மழை விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலுக்கு வாசல் மரம் இழைக்கும் சத்தம் கேட்கும். சாமி படம் கோணினால் நிமிர்த்துவார்கள், மேசை ஆடினால் காலுக்கு அட்டை கொடுப்பார்கள். யார் வீட்டுக் கதவும் சிக்காது. அது அவர்களுக்கு ஒரு மானப் பிரச்சினை.

கிராணி வந்த அன்று நானும் இருந்தேன். அவர் குடையை மடக்கிக்கொண்டே, “கதவு ஜன்னலெல்லாம் எப்படி?” என்றார்.

அவ்வளவுதான், அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. “கதவா? வந்து பாருங்க கிராணி ஐயா!” கதவைத் திறந்தார், சாத்தினார். ஒரு விரலால் தள்ளி மறுபடி சாத்திக் காட்டினார். சத்தமே இல்லாமல் போய்ச் சேர்ந்தது. “வெள்ளக்காரன் போட்ட மரம். எப்படி உட்காருது பாத்தீங்களா!”

“பிறகென்ன சூசா?” என்றார் கிராணி அப்பாவிடம். “கதவு இவ்ளோ நல்லா சாத்துது. வீடு அசையலன்னுதானே அர்த்தம்?”

அம்மா அடுப்படித் தரையைக் காட்டினாள். அதைச் சிமெண்டு பூசிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிராணி போய்விட்டார். அன்று அம்மா அப்பாவின் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கும் வயிற்றெரிச்சல்தான். வீடு மோசம் என்று காட்ட வேண்டிய நேரத்தில் இந்த மனுஷன் கதவைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்கியது. நடுநடுவே வெயில் அடித்த ஞாயிறுகளில் வாசலைப் படமெடுத்தேன். ஸ்டூடியோ இருட்டறையில் பிரிண்ட் போடும்போதெல்லாம் அந்த வெளிச்சக் கோடு சரியாக விழவில்லை. முதல் படத்தில் அம்மாவின் வாளி அகலத்துக்கு இருந்தது, பிறகு மெலிந்துகொண்டே வந்தது. பேப்பரை வீணாக்குகிறேன் என்று தவுக்கே திட்டினார். நானும் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசிச் சுருளில் கோடு நூல் மாதிரி இருந்தது.

ஈரம் காயாத படங்களைக் கயிற்றில் வரிசையாக மாட்டிவிட்டு, அந்த ஈப்போ படத்தைப் பார்த்த மாதிரியே பார்த்தேன். தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. பாறை மேல் இருப்பது எங்கே போகும்? வீடுதான் அதை நோக்கி வந்துகொண்டிருந்தது. வெளியே மூன்றாவது நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தவுக்கேயிடம் அம்மாவுக்கு முடியவில்லை என்று பொய் சொன்னேன். கோலா தெர்லா பக்கம் காய்கறி ஏற்றப் போகும் லோரி ஒன்று கிடைத்தது. படங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். ரோட்டில் ஓரிடத்தில் செம்மண் சரிந்து கிடந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு மெதுவாக ஒதுங்கி ஓட்டினார். வழியெல்லாம் எனக்கு அம்மா சொன்ன அந்த முனகல்தான் காதில் கேட்டது.

அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். படங்களைத் தரையில் வரிசையாக வைத்தேன்.

“நீ தள்ளி நின்னு எடுத்திருப்ப,” என்றார்.

“பாறையில கீறி வச்சிருக்கேன்ப்பா. மயிரிழை நகரல.”

“போட்டோவுல ஆயிரம் தெரியும்.”

“அப்ப போய் அந்த இடுக்குல கைய விடுங்க!” என்று கத்தினேன். அப்பாவிடம் அப்படி நான் கத்தியதில்லை.

அவர் மழையில் இறங்கிப் போனார். நானும் அம்மாவும் வாசலில் நின்று பார்த்தோம். அம்மாவின் வாளி இடுக்கில் நசுங்கிக் கிடந்தது. மழை பிடித்ததிலிருந்து அதை யாரும் எடுக்கவில்லை. அப்பா அதை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. அதற்கு மேலே இடுக்கில் கையை நுழைத்தார். விரல்கள் போயின, உள்ளங்கை போகவில்லை. திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்தார். அவர் பயந்து அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நானும் அப்பாவும் ஆபீசுக்கு ஓடினோம். கிராணி படங்களை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஏன் இவ்ளோ இருட்டா இருக்கு? பிளாஷ் போடலியா?”

“இந்தக் கோட்டை மட்டும் பாருங்க சார்,” என்று ஒவ்வொரு படத்திலும் விரல் வைத்துக் காட்டினேன்.

“கோடா? இது போட்டோ கோளாறும்மா. நான்தான் பாத்தேனே, கதவு ஜோரா சாத்துதே. மேனேஜர் துரை திங்கக்கிழமை வருவாரு, சொல்றேன்.”

அன்று வியாழக்கிழமை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அப்பா மழையில் இறங்கிப் போய்விட்டார். இவ்வளவுதானா உங்கள் வீரம் என்று மனதுக்குள் வைதேன். கிராணி என்னை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. தகரக்கூரையில் மழை அடித்த அடியில் பேசினாலும் கேட்டிருக்காது.

அப்பா திரும்பி வந்தபோது தலைமேல் எங்கள் வீட்டுக் கதவு இருந்தது.

கழற்றி எடுத்து, மழையில் அந்த மேட்டை ஏறி வந்திருக்கிறார். ஆபீஸ் வாசலில் அதை நிமிர்த்தி, சட்டத்தோடு ஒட்டி வைத்தார். கீழே ஒட்டியது. மேலே போகப் போக விலகி, உச்சியில் ஒரு கை நுழையும் அளவுக்குச் சந்து தெரிந்தது. சதுரமாக இருந்த கதவை வருஷா வருஷம் இழைத்து இழைத்து ஒரு பக்கம் சரிந்த பலகையாக ஆக்கி வைத்திருந்தார். அந்தக் கதவு எங்கள் வீட்டைத் தவிர உலகத்தில் வேறு எந்த வாசலுக்கும் பொருந்தாது.

“நான் இழைச்சது, ஐயா,” என்றார். மூச்சு வாங்கியது. “வீடு சாயச் சாய நான்தான் இழைச்சேன். லயத்துல எல்லாரும் இப்படித்தான் இழைச்சிருக்கோம். கதவு சாத்துது. வீடுதான் நிக்கல.”

கிராணி கதவின் உச்சியையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் படங்களை மறுபடி கையில் எடுத்தார்.

“கதவில்லாத வீட்ல என் பொண்டாட்டியப் படுக்க வைக்க முடியாது,” என்றார் அப்பா. “இன்னிக்கு எங்கயாவது இடம் குடுங்க. குடுக்கலன்னா இங்கயே ஆபீஸ் வாசல்ல படுக்கிறோம்.”

கிராணி துரைக்குப் போன் செய்தார். அன்று மாலையே லயம் முழுவதும் காலியானது. ஆண்கள் தங்கள் தங்கள் கதவைப் பார்த்துவிட்டு, யாரும் மறுபேச்சுப் பேசாமல் சாமான் கட்டினார்கள். கோயில் மண்டபத்தில் எல்லோரும் படுத்தோம். அம்மா சாமி படத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். அடுத்த வாரம், ஒரு பட்டப்பகலில், எங்கள் வீடும் மேல் வீடும் தொட்டி மேல் சாய்ந்து உட்கார்ந்தன. உள்ளே யாரும் இல்லை.

அதற்கு முந்தின நாள் கேமராவை அந்தக் கீறல் மேல் கடைசியாக வைத்திருந்தேன். நட்டநடுவில் கதவில்லாத வாசல், உள்ளே இருட்டு, பக்கத்தில் வெளிச்சக் கோடே கிடையாது. நான் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது. அதை வீட்டில் மாட்டக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மாட்டவில்லை.

புதுக் கோட்டர்ஸ் கிடைத்தது. செங்கல் சுவர், புதுக் கதவு. அப்பா என் வேலையைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்வார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மழைக்காலம் போன பிறகு ஒருநாள் ஸ்டூடியோவுக்குப் போன் வந்தது. அப்பா. அவருக்குப் போன் பேசவே பிடிக்காது.

“கதவு லேசா சிக்குது,” என்றார்.

“இழைக்க வேண்டியதுதானே?”

“இழைக்கல,” என்றார். “நீ கேமராவ எடுத்துட்டு வா.”