அக்கா ஒப்புக்கொள்ளாத கருமாதி

முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த எங்கள் அக்கா, கடலூரில் என் வீட்டில் கண்ணை மூடி ஓராண்டு ஆகிறது. திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் உறவுகளில் பலர், "பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று சொன்னவர்கள். அக்காவுக்கு நோய் இருந்தது உண்மை. அதை முற்ற வைத்தது யார் என்று எழுதாமல் இந்த மலரை அச்சடிக்க எனக்கு மனமில்லை.

தாய் தகப்பனை இழந்த என்னைத் தையல் மெஷின் மிதித்து வளர்த்தவர் அக்கா. என்னைப் படகேற்றி இங்கே அனுப்பிவிட்டு, டிராக்டர் ஓட்டிய அத்தானோடு அவர் அங்கேயே இருந்தார். 2009இல் சண்டை முடிந்து சனங்கள் வரிசையில் வெளியேறியபோது, விசாரிக்க என்று ராணுவத்தினர் அத்தானைத் தனியே நிறுத்தினார்கள். "நீ முன்னாலை நட, நான் வாறன்" என்றாராம். பிறகு தகவலே இல்லை.

அடுத்த ஆண்டு கடலூருக்கு வந்த அக்கா, தெருவில் யாருக்கும் முன்னால் நடக்க மாட்டார். கடைசியாக வருவார், திரும்பித் திரும்பிப் பார்ப்பார். வடலூரில் அன்னதான வரிசையைக் கண்டதும் நடுங்கி உட்கார்ந்துவிட்டார். சிதம்பரத்தில் ஒரு டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, "அவுங்களா அழட்டும். நீங்களா எதையும் முடிச்சு வெக்காதீங்க" என்றார். சில மாதங்களில் அக்கா தூங்கினார், அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார், சிரிக்கக்கூடச் செய்தார்.

அது என் மாமனாருக்குப் போதவில்லை. "உசுரோட இருந்தா இன்னுமா தகவல் வராம இருக்கும்? கருமாதி பண்ணிட்டா மனசு ஆறிடும்மா" என்றார். நான் சண்டை போட்டேன். "அப்பாவ எதுத்துப் பேசாத" என்று என் கணவர் வாயை அடைத்தார். காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருடம் பொறுக்க வேண்டும் என்று ஐயர் சொன்னார். உடனே வேறு ஐயரைப் பிடித்தார்கள். எங்கள் குடும்பத்தில் சாஸ்திரத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

கெடிலம் ஆற்றங்கரையில் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து கொளுத்தினார்கள். பெண்கள் சூழ்ந்து ஒப்பாரி வைத்து அக்காவின் தாலியைக் கழற்றினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, ஆரைக் கண்டு இவை அழுகினம்?" என்று கேட்டார்.

அதன்பின் அக்கா மெஷினைத் தொடவில்லை. மாத்திரையை விட்டார், சோறும் குறைந்தது. வந்த காய்ச்சலைத் தாங்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

குளிப்பாட்டிக் கிடத்தியதும் நான் குங்குமத்தை எடுத்தேன். "தாலி அறுத்தவளுக்குப் பொட்டு வெக்கலாமாடி?" என்று மாமியார் தடுத்தார்.

"அறுத்தது நீங்க. அவுங்க இல்ல" என்று சொல்லிவிட்டு, பெரிதாகவே வைத்தேன்.

சிதம்பரத்து டாக்டரம்மாவுக்கும், பைத்தியம் என்று ஒதுக்காமல் துணி கொடுத்த தெருப் பெண்களுக்கும், தூக்கிச் சென்ற தோள்களுக்கும் எங்கள் நன்றி. என் புகுந்த வீட்டார் நல்லது நினைத்தே செய்தார்கள் என்று நம்புகிறேன். அதற்கு நன்றி சொல்லத்தான் வாய் வரவில்லை.

அத்தான் பெயருக்கு முன்னால் 'அமரர்' போடச் சொன்னார்கள், போடவில்லை. இந்த மலர் கடல் தாண்டியும் போகும். எங்கேயாவது அவரைக் கண்டால், அக்கா கடைசிவரை தன்னை விதவை என்று ஒப்புக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.