இருபத்தெட்டுப் பொட்டலங்களும் ஒரு தட்டு ரொட்டியும்

இலங்கை மலையகத்தில் நடைப்பயணம் போக நினைக்கும் சிலர், தின்பதற்கு என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல நான் தகுந்த ஆள்தானா என்பது சந்தேகம். நான் போனது 1982 பிப்ரவரியில். ஒரு தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவுக்கு, அதாவது தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடத்துக்கு, கூரை போட நிதி திரட்டினோம். ஹட்டனிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை சுமார் நாற்பத்திரண்டு மைல், நான்கு நாட்கள். திருச்சியிலிருந்து ஏழு பேர் சென்றோம்.

தின்பண்டப் பொறுப்பு என்னுடையது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என இருபத்தெட்டுப் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் கடலை உருண்டை இரண்டு, பொரிவிளங்காய் உருண்டை ஒன்று, முறுக்கு மூன்று, ஒரு பிடி பொட்டுக்கடலை. செய்தித்தாளில் மடித்து, நாளுக்கொரு நிற நூலால் கட்டினேன். கூடவே ஒரு விதியும் முன்மொழிந்தேன்: தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் யாரும் சாப்பிடக் கூடாது. எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் பட்டினி இருந்ததாகப் படித்திருந்தேன். உதவப் போகிறவர்கள், இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிட்டு வரலாமா? எல்லோரும் தலையசைத்தார்கள். என் யோசனைக்கு யாரும் தலையசைத்துப் பழக்கமில்லாததால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இராமேஸ்வரத்தில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, கொழும்பு போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஆறு மணி ரயில். வட்டவளைக்கு மேல் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. அதற்குப் பின் பார்த்தவற்றில் எது மலை, எது அரைத்தூக்கம் என்று எனக்கு நிச்சயமில்லை. ஹட்டனில் எங்களுக்கு வழிகாட்டக் காத்திருந்தவர் தோட்டப் பள்ளி ஆசிரியர் சேவியர்.

முதல் நாள் தலவாக்கலை வரை பதினொரு மைல். பச்சைச் சரிவுகளில் கூடை சுமந்த பெண்கள் பாதி தெரிந்தார்கள், பாதி பனியில் கரைந்திருந்தார்கள். எங்கோ ஓர் அருவியின் ஓசை நாள் முழுக்கக் கூடவே வந்தது. அருவியை மட்டும் கடைசிவரை காணவில்லை.

இரண்டாம் நாள் மாலை மூன்றரை மணிக்கு நானுஓயாவுக்குக் கீழே ஒரு லயத்தைக் கடந்தோம். செல்லம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண் எங்களை நிறுத்தினார். நாங்கள் வருவதைச் சேவியரிடம் முன்பே கேட்டு, அரைநாளில் வேலையை விட்டு வந்து ரொட்டி சுட்டிருந்தார். தேங்காய்ச் சம்பலும் பால் சேர்க்காத பிளேன்டீயும் தயார். தட்டை முதலில் என்னிடம்தான் நீட்டினார். நான் கைகூப்பி மறுத்துவிட்டு, நீல நூல் பொட்டலத்தைப் பிரித்தேன். மற்றவர்களும் பிரித்தார்கள். அவர் தட்டை உள்ளே கொண்டுபோனார்.

அரை மைல் போனபின் சேவியர் மெதுவாகச் சொன்னார்: “சார், இந்தியாவுல இருந்து வந்தவங்க எங்க வீட்டுல கை நனைக்க மாட்டாங்கன்னுதான் அவங்க நெனச்சிருப்பாங்க. என்ன சாதின்னு பாக்குறாங்கன்னு.”

என் கால்கள் நின்றுவிட்டன. இருட்டுவதற்குள் நானுஓயா சேர வேண்டும் என்று நேர அட்டவணை போட்டவனும் நான்தான். அதை நான் மீறியது அன்று ஒருமுறைதான். மற்றவர்களை முன்னே அனுப்பிவிட்டுச் சேவியரோடு திரும்பினேன். வழியெல்லாம் ஒரு மன்னிப்பு வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி அமைத்தேன். லயத்து வாசலில் அது மறந்துபோனது.

“பசிக்குதுங்க” என்றேன்.

“ஏன், ஒங்க பொட்டலம் தீந்து போச்சுங்களா?” என்றார் செல்லம்மா, அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.

விதி என்னுடையது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

“எங்களுக்கு இல்லாமப் போயிரும்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்களா ஐயா? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே.”

சேவியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “சார் படிச்சவருங்க, கேக்க மாட்டாரு” என்றார்.

செல்லம்மா இரண்டு ரொட்டிகளைத் தட்டில் வைத்தார். ஆறிப்போயிருந்தன, சம்பல் சுள்ளென்று இருந்தது. நான் சாப்பிடும்போதே என் பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துப் பார்த்துச் சேவியர் பக்கம் திரும்பினார். “நமத்துப் போச்சு மாஸ்டர். இதத் தின்னுக்கிட்டா இந்த மலை ஏறுறாங்க?”

ஆகவே என் ஆலோசனை இது. முறுக்கைத் தாளில் கட்டாதீர்கள். இந்தப் பனிக்கு இறுக்கமான மூடியுள்ள தகர டப்பா வேண்டும். பொரிவிளங்காய் நான்கு நாளும் தாங்கியது. தின்பண்டம் சாலைக்கு மட்டும். வீடுகளில் உட்காரும்போது பையைத் திறக்க வேண்டாம். திறந்தால் முதலில் வீட்டாருக்குக் கொடுங்கள்.

செல்லம்மா என்னை நம்பினாரா என்பது இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியாது. நான் கேட்காமலே மூன்றாவது ரொட்டியை வைத்தார், போதும் என்றபோது கேட்கவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.