மரண அறிவிப்பில் கற்ற பிரெஞ்சு

என் தம்பி கனடாவில், கியூபெக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மாரடைப்பில் செத்துப்போனான். இறுதிச்சடங்கு நல்லபடியாக முடிந்தது என்று அவனுடன் வேலை பார்த்தவர் ஆங்கிலத்தில் செய்தி அனுப்பினார். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான்: குளிப்பாட்டி, கஃபன் துணியில் சுற்றி, தொழுது, குழியில் வைப்பது. நாங்களும் திண்டுக்கல்லில் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி, பிரியாணி ஆக்கிப் போட்டோம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அம்மாவுக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. “எந்த மையவாடியில அடக்கியிருக்காங்கன்னு கேளுடி. அங்கிட்டு நம்மாளு யாராச்சும் இருந்தா, கபருக்குப் போயி ஒரு யாசீன் ஓதச் சொல்லலாம்.”

யாரிடம் கேட்பது? செய்தி அனுப்பியவர் அதற்குப் பிறகு பதில் போடவில்லை. தம்பி மனைவி அந்த ஊர்க்காரி, பிரெஞ்சு மட்டும்தான் பேசுவாள். போனில் மொழிபெயர்க்கும் செயலியில், ‘அவனை எங்கே வைத்திருக்கிறீர்கள்?’ என்று தட்டினேன். ‘என்னோடு வீட்டில்தான் இருக்கிறார்’ என்று பதில் வந்தது. கிறுக்குப் பிடித்த செயலி என்று திட்டிவிட்டு, மொழியையே படித்துவிடுவோம் என்று ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு எப்போதும் இந்த வீறாப்பு உண்டு.

ஆறு பாடம் முடித்த தைரியத்தில் வீடியோவில் கூப்பிட்டேன். அவள் பேசியதில் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. வகுப்பில் சொல்லித் தந்தது பாரீஸ்காரர்களின் பேச்சு. அதில் கார் ‘வுவாத்யூர்’, அவளுக்கோ ‘ஷார்’. குளிருக்கு நான் படித்த சொல் ‘ஃப்ருவா’. எலும்பைக் குத்தும் தன் ஊர்க் குளிரை அவள் ‘ஃப்ரெட்’ என்றாள். பாதி வார்த்தையை விழுங்கி, மீதியை மூக்கால் பேசினாள். என் முழிப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் ஊர் வானொலியின் இணைப்பை அனுப்பினாள்.

அவர்களுக்குக் காலை என்றால் நமக்குச் சாயங்காலம். எங்கள் பிரியாணிக் கடைக்குச் சின்ன வெங்காயம் உரிக்கிற நேரம். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உரிப்பேன். எந்தச் சாலையில் பனி மூடிக் கிடக்கிறது, எந்தப் பள்ளிக்கு விடுமுறை, ஐஸ் ஹாக்கியில் யார் தோற்றார்கள் என்று கடகடவென்று ஓடும். கடைசியில் மரண அறிவிப்பு. அதை மட்டும் நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். அதனால் அந்த ஊர்ப் பிரெஞ்சில் எனக்கு முதலில் நிலைத்தவை சாவுச் சொற்கள்தான்.

அவற்றில் தினமும் வந்த ஒரு சொல் ‘சான்ட்ர்’. சாம்பல். இன்ன மண்டபத்தில், சாம்பலை வைத்து, உறவினர்களிடம் துக்கம் கேட்கலாம் என்று வரும். புரிந்த அன்று செயலியைத் திட்டியது ஞாபகம் வந்தது. அவன் முஸ்லிம், அவனைப் போய் எரிப்பார்களா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவளோடு பேசினேன். வாக்கியத்துக்கு வாக்கியம் அவளைப் போலவே ‘பி’, அதாவது ‘அப்புறம்’, என்று இழுத்துத் தொடங்கினேன். வானொலிக்காரர் மாதிரி பேசுகிறாய் என்று கேலி செய்தாள். எல்லாம் பேசினேன், அதை மட்டும் கேட்கவில்லை. பயந்தேன். ஒரு ஞாயிறு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். “இன்னைக்குக் கேட்டுத்தான் ஆகணும்.”

கேட்டேன். அவள் எழுந்து போய் ஒரு நீல ஜாடியை எடுத்து வந்தாள். இதோ இருக்கிறார், வெளியே அந்தக் குளிரில் விட்டுவர மனசு வரவில்லை என்றாள். அம்மா விரும்பினால் பாதியை அனுப்புகிறேன் என்றாள். எல்லாம் தெளிவாகப் புரிந்தது.

அம்மா திரையைப் பார்த்து, “ஜாடி நல்லாருக்கே. நமக்குக் குடுத்துவிடப் போறாளா?” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அந்த மொழி தெரியாது. ஆனால் அம்மா அந்த ஜாடியைப் பார்த்துச் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை.

“அது தம்பிம்மா. எரிச்சிட்டாங்க.”

“தீயிலயா?” என்றார். பிறகு, “அவன் இவகிட்ட ஒண்ணும் சொல்லி வைக்கலயா?” என்றார்.

அவளிடம் கேட்டேன். சாவைப் பற்றி அவன் பேசியதே இல்லையாம். தன் தாய் தகப்பனுக்குச் செய்ததைத்தான் அவனுக்கும் செய்தாளாம். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்தவன்மேல்தான் வந்தது.

“பாதி அனுப்புறேங்கிறாம்மா.”

“எம்புள்ளையப் பாதியாவா? முழுசா அனுப்பச் சொல்லு. நாம குழி வெட்டி வைப்போம்.”

அப்படியே கேட்டேன். அவள் ஜாடியை மடியில் இறக்கி, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அம்மாவுக்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மஃரிபு பாங்கு சொன்னார்கள். அம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. பாங்கு முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“சரி, பாதியாச்சும் தரச் சொல்லுடி.”